அளவறிதல்: பேராக் தோட்டப்புறத் தமிழரின் பட்டறிவு



மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் இப்பொழிவு வரிசையில் இரப்பர்த் தோட்ட வாழ்வைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கான விடையை மொழியிலிருந்தே தொடங்குவோம். தமிழில் 'படு' என்றொரு வினையடி உண்டு. அதிலிருந்து 'பாடு' பிறந்தது. பாடு என்பது உழைப்பையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். பாடுபடுவோரைப் பாட்டாளி என்கிறோம். பட்டுத் தெரிந்துகொண்ட அறிவைப் பட்டறிவு என்கிறோம். உழைப்பு, துன்பம், அறிவு ஆகிய மூன்றையும் ஒரே வேரில் வைத்துப் பார்த்திருக்கிறது நம் மொழி. நம் முன்னோரின் உலக நோக்கு இச்சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

படிப்பறிவை நாம் நூல்களாகப் பதிப்பிக்கிறோம்; நூலகங்களில் அடுக்கிக் காக்கிறோம். பட்டறிவு அவ்வாறு காக்கப்படுவதில்லை. அதனை உடையோர் எழுதி வைத்தவர்கள் அல்லர். கைப்பழக்கத்திலும் வழிபாட்டிலும் அண்டை வீட்டாரோடு கொண்ட கொடுக்கல் வாங்கலிலும் அதனை வைத்துப் போனார்கள். பேராக் மாநிலத்தின் தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறைகளாகத் திரண்ட அந்த அறிவு எத்தகையது, அது எங்கிருந்து வந்தது, தோட்டங்கள் மறைந்துவரும் இந்நாளில் அதற்கு என்ன நேர்கிறது என்பவற்றையே இன்று ஆராய முற்படுகிறோம். அந்த அறிவை ஒரு சொல்லில் சுருக்கின் 'அளவறிதல்' எனலாம் என்பது நம் துணிபு.

மரமும் மக்களும் வந்த வரலாறு

பால்மரம் இம்மண்ணுக்குரியதன்று. பிரேசில் நாட்டிலிருந்து 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைவிட்டன. அவ்வழி வந்த நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டு வளர்த்தார். அக்காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. ஆதலின் மலாயாவின் இரப்பர் வரலாற்றில் பேராக்குக்குத் தொடக்க இடம் உண்டு.

மரத்தைத் தொடர்ந்து மக்கள் வந்தனர். முதலில் ஒப்பந்தக் கூலிமுறையிலும், பின்னர்க் கங்காணி முறையிலும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தது. இவற்றுக்கிடையே சுங்கை சிப்புட், பாகான் செராய், சித்தியவான், தெலுக் இந்தான், தஞ்சோங் மாலிம் எனப் பேராக் எங்கும் தோட்டங்கள் பெருகின. ஒவ்வொரு தோட்டத்திலும் லயங்களும் ஒரு கோயிலும் எழுந்தன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. தமிழ்ப்பள்ளி அவ்வாறு தோட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

வந்தவர்கள் பெரும்பாலும் உழவுத் தொழிலாளர்கள். நெல்லும் வரகும் அறிந்த கைகளுக்குப் பால்மரம் புதிது. முன்னோர் சொல்லித் தர முடியாத ஒரு தொழிலைக் கற்க வேண்டியிருந்தது. பழைய வேர்களோடு புதிய மண்ணில் இறங்கிய அவர்கள் என்ன கற்றார்கள் என்பதை அவர்தம் கையிலிருந்த கத்தியிலிருந்தே காண்போம்.

கத்தி கற்பித்த அளவு

பால்மரம் சீவுதல் எளிய வேலை என்று வெளியிலிருந்து காண்போர் எண்ணுவர். உண்மை வேறு. மரத்தின் பால் அதன் கட்டையில் இல்லை. பட்டையின் உட்பகுதியில் ஓடும் நுண்ணிய நாளங்களில் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்திசு ஒன்று உண்டு. மரம் புதுப்பட்டை வளர்ப்பது அதனால்தான். மேலோட்டமாகச் சீவினால் பால் போதிய அளவு வாராது. ஆழமாகச் சீவினால் வளர்திசு புண்படும். அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுமுறை கத்தி வைக்க இயலாதவாறு மரம் கெட்டுப்போகும். ஒருமுறை சீவும் பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரை மில்லிமீட்டரை, விடியற்கால அரையிருளில், நெற்றி விளக்கின் ஒளியில், ஒரு நாளைக்குச் சில நூறு மரங்களில் கை தவறாமல் எடுக்க வேண்டும்.

வெட்டின் சாய்வுக்கும் கணக்கு உண்டு. பால்நாளங்கள் நேர் செங்குத்தாக ஏறுவதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே வெட்டு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து அமைந்தால் மிகுதியான நாளங்கள் திறக்கும். விடியற்காலையில் சீவுவதற்கும் காரணம் உண்டு: இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் தளர்ந்துவிடும். தாவரவியல் படியாத தாய்மாரும் தந்தைமாரும் இவற்றைக் கைகளால் அறிந்திருந்தனர்.

பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பது பழைய வழக்கம். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி 1890-களில் மரத்தைப் புண்படுத்தாமல் மெல்லச் சீவும் முறையை ஆய்ந்து உருவாக்கினார். அம்முறையில் சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடும்; ஒரே மரம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் தரும். முறையை வகுத்தவர் ரிட்லி. அதனைப் பல இலட்சம் மரங்களில் நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் நம் மக்கள். மலாயாவின் செல்வம் அந்தக் கைகளின் அளவறிவின்மேல் எழுந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வேலை தருகிற படிப்பினை என்ன? கொடுப்பதை வாங்கு, ஆனால் கொடுப்பதற்கான ஆற்றலைக் கெடுத்துவிடாதே என்பதாகும். இன்றைய பாலுக்காக நாளைய பட்டையை அழிப்பவன் நல்ல பால்வெட்டுத் தொழிலாளி ஆகான். திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் தன் ஆற்றலின் எல்லை தெரியாமல் செயற்படுவோரின் கேட்டை எடுத்துரைக்கிறது. அரசனுக்குச் சொல்லப்பட்ட அவ்வறம் பால்மரத்தடியில் தொழிலாளியின் அறமாயிற்று.

அந்த அளவறிவு மரத்தின்பால் காட்டப்பட்டதே தவிர, மனிதர்பால் தோட்ட நிருவாகங்கள் அதனைக் காட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மரத்தின் பட்டை மீண்டும் வளரக் காலம் தரப்பட்டது. விடியுமுன் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடி, நண்பகலில் காண்டா வாளிகளின் சுமை தோளை அழுத்தப் பால் கொட்டகைக்கு நடந்து, மாலையில் அடுப்பும் துணியுமாகப் பொழுதைக் கழித்த தாய்க்கு அத்தகைய காலம் தரப்படவில்லை. தோட்டப்புற அறிவைப் போற்றுவோர் இதனை மறந்து பேசுவாராயின், அது அவ்வறிவுக்கே இழைக்கும் தீங்காகும்.

மாரியும் மழையும்

இனிச் சமய மரபுக்கு வருவோம். பேராக்கின் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்பட்டது மாரியம்மன் கோயில். முனியாண்டி, மதுரைவீரன், காளியம்மன் ஆகிய தெய்வங்களும் உடனிருந்தன. சில தோட்டங்களில் தேவாலயமும் இருந்தது. ஊரிலிருந்து பிடிமண் எடுத்து வருவதுபோல் தெய்வங்களையும் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்க ஒரு முரண் உண்டு. 'மாரி' என்னும் சொல்லுக்கு மழை என்பது பொருள். தமிழகத்தின் வறண்ட சிற்றூர்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் திருவிழா எடுப்பதும் மழை வேண்டியே. பேராக்கில் நிலை வேறு. தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெய்யும் ஊராகிய தைப்பிங் இம்மாநிலத்தில்தான் இருக்கிறது. பால்காட்டில் மழை என்பது வேலையின்மை. பட்டை நனைந்தால் பால், வெட்டின் வழியே மங்குக்கு வாராமல் மரமெங்கும் பரவி ஓடும். சீவிய பின் பெய்தால் மங்கில் சேர்ந்த பாலும் நீரோடு போய்விடும். நாட்கூலிக் காலத்தில் விடியற்கால மழை என்பது அன்றைய வருமானம் இல்லை என்னும் அறிவிப்பு. மழைக்காகத் தொழுத மக்கள், மழையால் அடுப்பு அணையும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆயினும் மாரியை அவர்கள் விட்டுவிடவில்லை.

ஏன் விடவில்லை? இதற்குப் பழக்கம் என்று விடை சொல்லி நகர்ந்துவிடலாம். நாம் வேறு விதமாகக் கருதுகிறோம். மழை அவர்கள் கேட்டால் வருவதும் கேளாவிட்டால் நிற்பதுமான பொருளன்று; தம் ஆணைக்கு உட்படாத பேராற்றல் ஒன்று உண்டு என்பதன் அடையாளம். அதனைத் தாயாக வைத்துப் பேசப் பழகியவர்களுக்கு, வேண்டிய நாளில் வாராத மழையும் வேண்டாத நாளில் வந்த மழையும் ஒரே தாயின் இரு முகங்கள். காய்ச்சலும் அம்மையும் லயங்களைச் சூறையாடிய காலத்தில், அத்தாயே நோய் தீர்ப்பவளாகவும் இருந்தாள். தெய்வம் பண்டமாற்றுக்கு உரிய கடைக்காரர் அல்லர் என்னும் உணர்வு இதிலே இருக்கிறது. இது சிறிய ஞானமன்று.

மழை நாளைப் பற்றிப் பேசும்போது பெரியபுராணத்தின் இளையான்குடி மாறனார் நினைவுக்கு வருகிறார். அவர் வேளாண் குலத்தவர், வறுமையுற்றவர். மழை கொட்டும் இரவில் அடியார் ஒருவர் வருகிறார், வீட்டில் உணவில்லை. மாறனார் அன்று வயலில் விதைத்திருந்த நெல்லை இருளில் தடவி வாரிக்கொண்டு வருகிறார். வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்து விறகாக்குகிறார். குழியிலிருந்த கீரையைப் பறித்து வருகிறார். மனைவியார் சமைத்து அடியாருக்கு உணவளிக்க ஆயத்தம் செய்கிறார். அக்கதையைத் தோட்டத்துக் கோயில்களில் கதாகாலட்சேபமாகக் கேட்டோர் உண்டு, கேளாதோரும் உண்டு. ஆனால் மழை நாளில் அண்டை வீட்டு அடுப்பு புகையவில்லை என்று கண்டால், பால் டின்னில் அரிசியை அளந்து பிள்ளை கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் லயங்களில் இருந்தது. கைமாற்றாக வாங்கிய அரிசியைத் திருப்பித் தரும்போது தலைதட்டாமல் குவித்துத் தருவதே மரியாதை என்று மூத்தோர் சொல்வர். மாறனாரின் கதை விளக்கும் பண்பும் இவ்வழக்கம் காட்டும் பண்பும் வேறல்ல. புராணம் அதை ஒரு பேரடியாரின் செயலாகச் சொல்லிற்று. லயத்தில் அது வெள்ளிக்கிழமை வீடு மெழுகுவது போன்ற இயல்பான நடப்பு.

உழவாரமும் வினையும்

நம் சமய மரபு உடலுழைப்பைத் தாழ்வாகக் கருதவில்லை என்பதற்கு நாவுக்கரசர் பெருமானே சான்று. அவர் திருவுருவம் எங்கிருந்தாலும் தோளில் உழவாரப்படை சாய்ந்திருக்கும். ஆயிரக்கணக்கில் பாடல் பாடிய பெரியார் அவர். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவியையே தம் அடையாளமாகக் கொண்டார். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போன ஆணும் பெண்ணும் வரிசைக்கு வரிசை லாலான் புல்லை வெட்டி எறிந்தது அதே வகைக் கருவியால்தான். அடியார்களுள் சலவைத் தொழிலாளராகிய திருக்குறிப்புத் தொண்டரும், மீனவராகிய அதிபத்தரும், வேடராகிய கண்ணப்பரும் இடம்பெற்றுள்ளனர். கன்னட நாட்டில் 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் அவர்வழிச் சரணர்களும் தொழிலையே வழிபாடாகக் கொண்டு 'காயகம்' என்னும் கொள்கையைப் பரப்பினர். தொழிலும் தொழுகையும் ஒன்றுபடும் மரபு தென்னாட்டுக்குப் பொதுவானது.

இங்கே ஒரு கடுமையான கேள்வியை எதிர்கொள்ளாமல் மேலே செல்வது நேர்மையாகாது. சமயம் தொழிலாளியை அடங்கிப் போகச் செய்யவில்லையா? 'எல்லாம் தலைவிதி' என்று சொல்லிக் கங்காணியின் ஏச்சையும் துரையின் அதட்டலையும் பொறுத்துக்கொள்ளச் செய்யவில்லையா? சாதி வேற்றுமை கப்பலேறி லயம் வரை வந்ததும், சில கோயில்களின் நடைமுறையில் அது தங்கியதும் உண்மை அல்லவா? இக்கேள்விகளுக்கு 'இல்லை' என்று விடை சொல்ல இயலாது. நந்தனார் வரலாறே அதற்குச் சான்று. கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அக்கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் ஆனார்.

இக்கேள்விகளை நம் மக்கள் கேளாமலும் இருந்துவிடவில்லை. தந்தை பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார். இதே ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் பேசினார். சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களுக்குள் பரவின. கிள்ளான் வட்டாரத்தில் 1941-இல் எழுந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், ஐரோப்பியரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதும், கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றன. கூலி உயர்வோடு மானத்தையும் கேட்டார்கள். கள்ளை நிறுத்தக் கேட்டவர்கள் தம் கட்டுப்பாட்டையும் உடன் கேட்டார்கள்.

'வினை' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். செயல் என்பது அதன் முதற்பொருள். இலக்கணத்தில் அது செயலைக் குறிக்கும் சொல்லுக்குப் பெயர். தொழிலுக்கும் அதுவே பெயர். பழைய செயலின் பயனாகிய ஊழையும் அதே சொல்லால் சுட்டுகிறோம். 'என் வினை' என்று நெற்றியில் அடித்துக்கொள்பவரும் 'வினை முடித்தேன்' என்று நிமிர்பவரும் ஒரே சொல்லைத்தான் ஆளுகின்றனர். திருவள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பேசினார். 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பேசி, ஊழையும் முயற்சி வெல்லக்கூடும் என்று காட்டினார். அதையடுத்து 63-ஆம் அதிகாரத்தில் இடுக்கணழியாமையை வைத்தார். முயற்சிக்குப் பின்னும் துன்பம் வரும், அப்போதும் உள்ளம் உடையக்கூடாது என்பதே இவ்வரிசை நமக்கு உணர்த்துவது. அடங்கிப் போவதற்கும் உடையாமல் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதுதான் இங்கு வேண்டப்படும் அளவறிதல். மரபுக்குள் இரண்டுக்கும் இடமிருக்கிறது. எதனை எடுத்துக்கொள்கிறோம் என்பது நம் பொறுப்பு.

பத்து வெள்ளியின் பாடம்

உடையாமல் நிற்க வேண்டிய காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943 ஆண்டுகளில், சயாம்–பர்மா இரயில் பாதைக்கெனத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர்; பல்லாயிரவர் திரும்பவில்லை. போருக்குப் பின், 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிருவாகிகளாயிருந்த ஐரோப்பியர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. லயங்கள் முள்வேலிக்குள் வந்தன. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மற்றோர் இடி விழுந்தது. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அதனைச் சொல்லுவோம். வேலையோடு லய வீடும் போயிற்று. ஏனெனில் வீடு வேலையோடு கட்டப்பட்டது. பள்ளியும் கோயிலும் கேட்பாரற்றுப் போயின.

அந்நிலையில் எழுந்த முயற்சிதான் 1960-இல் தொடங்கப்பட்ட தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அதனை முன்னின்று நடத்தியவர் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். அவருடைய முழுப்பெயர் திருஞானசம்பந்தன். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்து, துண்டாடப்பட இருந்த தோட்டங்களைத் தாமே வாங்குவது அத்திட்டம். நாட்கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது பல நாள் உழைப்பு. கூலி வாங்குகிறவன் தோட்டத்துக்குப் பங்காளியாவதா என்று நகைத்தோரும் இருந்திருப்பர். ஆயினும் பணம் சேர்ந்தது, தோட்டங்கள் வாங்கப்பட்டன, சங்கம் இன்றும் இயங்குகிறது.

அந்தப் பத்து வெள்ளியைக் கொடுக்கும் மனம் எங்கிருந்து வந்தது? பொருளியலார் பல காரணங்கள் கூறுவர். நாம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். பல தோட்டங்களில் மாதச் சம்பளத்திலிருந்து கோயிலுக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கும் வழக்கம் இருந்தது. திருவிழாவும் தேரும் தீமிதியும் அன்னதானமும் அப்பணத்தில் நடந்தன. தனி ஒருவரால் ஆகாததைப் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்தால் ஆக்கலாம் என்பதை மக்கள் கோயில் கணக்கில் பார்த்திருந்தார்கள். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் அங்கேதான் பழகினார்கள். கூட்டுறவு என்னும் சொல்லைச் சங்கம் கொண்டுவந்தது. கூடிச் சேர்க்கும் பழக்கம் முன்பே கோயிலடியில் இருந்தது. தேரின் வடத்தைப் பிடித்த கைகளே பங்குப் பணத்தையும் நீட்டின.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு

காலம் மேலும் மாறிற்று. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. நம் மக்கள் ஈப்போவுக்கும் அதன் புறநகர்களுக்கும் வந்து சேர்ந்தனர். சிலர் உறுதியான வேலையும் கல்வியும் பெற்று உயர்ந்தனர். சிலர் நிலமும் கைத்தொழிலும் இன்றி நகரத்தின் ஓரங்களில் தேங்கினர். இளைஞர் சிலர் வழிதவறியதையும் அறிவோம்.

ஈப்போவில் ஓர் எடுத்துக்காட்டு நம் கண்முன் இருக்கிறது. குனோங் சீரோவின் சுண்ணக்கல் மலைக்குகையில் முருகன் எழுந்தருளியிருக்கும் கல்லுமலைக் கோயிலை அனைவரும் அறிவர். தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகளும் பால்குடங்களும் கல்லுமலைக்குச் செல்லும். அம்மலையடியில் கச்சான் பூத்தே வணிகம் செய்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. 1973 அக்டோபரில் மலைப்பாறை சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். எஞ்சியோர் புந்தோங்குக்குக் குடியேறினர். அங்கே அதே தொழிலை மீண்டும் தொடங்கினர். கடலை வறுப்பதும் முறுக்குப் பிழிவதும் சிறு வேலைகள்தாம். இன்று ஈப்போவுக்கு வருவோர் தேடிச் சென்று வாங்கும் பண்டங்களாக அவை வளர்ந்துள்ளன. பாறை விழுந்த மலைக்கே ஆண்டுதோறும் காவடி செல்கிறது. இழப்பை மறந்ததால் செல்கிறார்கள் என்று நாம் எண்ணவில்லை. இழந்த இடத்தோடு உறவை அறுத்துக்கொள்ள மறுப்பதும் இடுக்கணழியாமையின் ஒரு வகை.

தமிழ்ப்பள்ளிகளிலும் இதனைக் காணலாம். தோட்டம் மறைந்தபின் பள்ளி பட்டணத்துக்கு மாற்றப்படுகிறது; பெயர்ப் பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் நிற்கிறது. அப்பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்று அப்பள்ளியில் பயிலும் பிள்ளைக்குத் தெரியுமா? மங்கு என்றால் என்ன, நிரை என்றால் என்ன, ஒட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் வேறுபாடு என்ன, பெரட்டுக் களத்தில் என்ன நடந்தது என்று அது அறியுமா? இச்சொற்கள் பேரகராதிகளில் தோட்டத்துப் பொருளோடு கிடைப்பது அரிது. சில மலாய் மொழியிலிருந்து வந்தவை. சில ஆங்கிலம் திரிந்தவை. சில பழந்தமிழ்ச் சொற்கள் புதுப்பொருள் ஏற்றவை. சொல் மறையும்போது அச்சொல் சுமந்த அளவும் மறைந்துவிடும். 'நிரை' என்று சொல்லும் மூதாட்டியின் மனத்தில் மரங்களின் எண்ணிக்கை, நடக்க வேண்டிய தொலைவு, பள்ளமும் மேடும், பாம்பிருக்கும் புதர், பால் உறைவதற்குள் திரும்ப வேண்டிய நேரம் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. நமக்கு அது வரிசை என்னும் வெறுஞ்சொல்.

இனிச் செய்யத்தக்கவை

மொழி மன்றத்தின் அவையில் நின்று பேசுவதால், மொழியைச் சார்ந்த மூன்று பணிகளை முன்வைத்து இப்பொழிவை நிறைவு செய்கிறோம்.

முதலாவது, தோட்டத்தில் வேலை செய்த தலைமுறையினர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்களிடமிருந்து தொழிற்சொற்களைப் பொருளோடும் பயன்பாட்டோடும் தொகுத்தல் வேண்டும். சொல்லை மட்டும் கேளாமல், கருவியைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லிக் கேட்டல் வேண்டும். கை நினைவில் வைத்திருப்பது நாவுக்கு வாராமற் போகலாம். இப்பணியைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். பாட்டியும் பேரனும் எதிரெதிரே அமர்ந்து பேச அது ஒரு வாயிலாகும்.

இரண்டாவது, ஒவ்வொரு தோட்டக் கோயிலுக்கும் ஒரு வரலாற்றுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். எந்தத் தோட்டம், எவ்வாண்டில், எந்த ஊரார் கொண்டுவந்த தெய்வம், எப்போது இடம் மாறியது, திருவிழாச் செலவை யார் எவ்வாறு பகிர்ந்தனர் என்பவை அதில் இடம்பெற வேண்டும். இடம்பெயர்ந்த கோயில்கள் புதுக் கோபுரம் பெறுவதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கோபுரம் உயரும்போது பழைய கணக்கேடு குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் திருப்பணிதான்.

மூன்றாவது, திருக்குறளையும் பெரியபுராணத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது தோட்டப்புற வாழ்விலிருந்து சான்றுகள் காட்ட வேண்டும். உழவாரத்தை விளக்குவதற்கு அவர்களுடைய பாட்டனார் புல்வெட்டிய கருவியைக் காட்டலாம். ஒப்புரவை விளக்குவதற்குப் பால் டின் அரிசியைச் சொல்லலாம். ஆள்வினையை விளக்குவதற்குப் பத்து வெள்ளியைச் சொல்லலாம். அவ்வாறு கற்பித்தால், தம் முன்னோர் கூலிகள் என்று கூசி நிற்கும் பிள்ளை, அவர்கள் அளவறிந்தவர்கள் என்று அறிந்து நிமிரும். அந்த நிமிர்வோடு, அவர்களுக்கு மறுக்கப்பட்டவை யாவை என்று கேட்கவும் கற்றுக்கொள்ளும். இரண்டும் வேண்டும். பெருமை மட்டும் கற்ற பிள்ளை கண்மூடிப் போகும். குறை மட்டும் கற்ற பிள்ளை மனம் கசந்து போகும்.

இப்பணிகளுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. காலம்தான் குறைவாக இருக்கிறது. இங்கே அமர்ந்திருப்போர் ஒவ்வொருவர் குடும்பத்திலும் பால்காட்டில் நடந்தவர் ஒருவரேனும் இருப்பார். இந்த வார இறுதியில் அவரருகே அமர்ந்து, 'அந்த நாளில் ஒரு நிரைக்கு எத்தனை மரம்?' என்று கேளுங்கள். விடையை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த பொழிவு அந்த ஏடுகளிலிருந்து தொடங்கட்டும்.